மானியில் விழாத மழை

செம்பினால் செய்த ஒரு குழல். என் முழங்கால் உயரம்கூட வராது. மேலே புனல் போல ஒரு வாய், உள்ளே மழைத் தண்ணீர் சேர்வதற்கு ஒரு போத்தல், சுற்றிவரக் கம்பிவேலி, ஒட்ட வெட்டிய புல். எங்கள் கிழக்குக் கரைப் பட்டினத்தின் ஓர்ஸ் ஹில் பக்கத்தில், உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு சின்ன வானிலைக் கந்தோரின் வளவில் அது நின்றது. படித்தவர்கள் அதை மழைமானி என்பார்கள். எங்கள் வாயில் அது மழைப்பானை. வாழ்க்கையில் நான் பெரிய பெரிய இயந்திரங்களைப் பார்த்துவிட்டேன். சீமெந்து குழைக்கிற இயந்திரத்தை இந்தப் பகுதியில் முதலில் வாங்கிய கட்டடக் கொந்தராத்துக்காரன் நான்தான். துறைமுகத்துப் பாரந்தூக்கிகளுக்குக் கீழே நின்று வேலை வாங்கியிருக்கிறேன். ஒன்றுக்கும் நான் பயந்ததில்லை. அந்தச் செம்புப் பானைக்குத்தான் பயந்தேன். அதைவிட, அதைக் காலையில் குனிந்து பார்க்கிற மனிதருக்குப் பயந்தேன்.

என்னைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. நான் அன்புவழிபுரத்துக்காரன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நான் அதை விட்டேன் என்றும் சொல்லலாம். மேசன்மாருக்குச் சாந்து சுமந்து, பிறகு நானே கரண்டி பிடித்து, இருபத்தொன்பது வயதில் என் சொந்தப் பெயரில் ஒரு கொந்தராத்து எடுத்தேன். இன்றைக்குப் பட்டினத்திலிருந்து நிலாவெளி மட்டும் பஸ்ஸில் போனால், இரண்டு பக்கமும் நான் கட்டிய கட்டடங்களைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். யாரும் எனக்குக் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை என்று எந்த மேடையிலும் சொல்லியிருக்கிறேன். அது பெரும்பாலும் உண்மை.

அந்த முதல் கொந்தராத்து நிலாவெளியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வகுப்பறை. அறுபதுகளின் நடுப்பகுதி. சித்திரை விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பி வருகிற நாளுக்கு அறைகள் தயாராக இருக்கவேண்டும். பிந்தினால் கொந்தராத்துக்காரர் பட்டியலில் இருந்து பெயரை வெட்டிவிடுவார்கள். பெயர் வெட்டுப்பட்டவன் திரும்பவும் அடுத்தவனிடம் போய்க் கரண்டி பிடிக்கவேண்டியதுதான். ஒரேயொரு சலுகை இருந்தது. மழை பெய்த நாளுக்கு ஒருநாள் கூட்டித் தருவார்கள். ஆனால் மழை பெய்தது என்று நான் சொல்லிப் பிரயோசனம் இல்லை. வானிலைக் கந்தோரின் கொப்பியில் இருக்கவேண்டும்.

அந்த வருடம் பங்குனி பிறந்தபோதே வானம் குழம்பிவிட்டது. காலையில் கண்ணாடி போல இருக்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்து கையைக் கழுவும்போது மேற்கே காட்டுப்பக்கம் கறுக்கும். மூன்று மணிக்குக் காற்று ஒருதரம் சுழன்றடித்துப் புழுதியைக் கிளப்பும். பிறகு இடி. கடலோரத்துப் பனைகளில் இரண்டு அந்த மாதம் எரிந்து போயின. மழை அரை மணித்தியாலத்துக்கு மேல் நிற்காது. ஆனால் அந்த அரை மணித்தியாலத்தில் நான் குவித்து வைத்த மணல் வாய்க்காலாக ஓடியது, முதல்நாள் பூசிய சாந்து சுவரில் இருந்து வழுகி விழுந்தது, ஓலைக் கொட்டிலுக்குள் இருந்த சீமெந்து மூட்டைகளில் ஏழு கல்லாகிப் போயின. பதினொரு நாள் வேலை இப்படிப் பழுதாயிற்று. நான் பதறவில்லை. பதினொரு நாளும் மழை. பதினொரு நாளும் கூட்டித் தருவார்கள். கடிதம் வாங்க ஓர்ஸ் ஹில்லுக்குப் பஸ் எடுத்தேன்.

அந்தக் கந்தோரில் மழையும் வெயிலும் அளந்தவரை ஊரில் மழைக் கிளாக்கர் என்பார்கள். மெலிந்த, நெடிய மனிதர். வெள்ளைக் காற்சட்டை, முழங்கை மட்டும் மடித்த சேட்டு. காலை எட்டரை மணிக்கு வேலிக் கதவைத் திறந்து உள்ளே போவார். போத்தலில் சேர்ந்ததைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண் மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்து, எழுதிவிட்டுத்தான் நிமிர்வார். கொட்டுகிற மழையில் சந்தைக் கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்ற அவரிடம் ஒருவர், "ஐயா, நல்ல மழை என்ன?" என்று கேட்டதற்கு, "நாளைக்குக் காலமை சொல்லுறன்" என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

நான் போனபோது கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். என் பதினொரு நாளையும் விரல் மடித்துச் சொன்னேன். கொப்பியைத் திறந்து மேலிருந்து கீழே பார்த்தார்.

"இஞ்ச ரெண்டு நாள்தான் தம்பி மழை. அந்த ரெண்டையும் எழுதித் தாறன்."

"என்ன ஐயா ரெண்டு? நிலாவெளியில மழை எண்டா மழை. என்ர சீமெந்து கல்லாப் போச்சு. வந்து பாருங்கோ!"

"நீங்கள் பொய் சொல்லுறியள் எண்டு நான் சொல்லேல்லை. இது இடிமழை. உங்கட வளவில கொட்டும், பக்கத்து வளவில உடுப்புக் காயும். இந்த மானியில விழாத மழையை நான் எழுத ஏலாது."

"ஒம்பது மைல்தானே ஐயா. மழைக்கு ஒம்பது மைல் ஒரு தூரமே?"

"மழைக்கு ஒம்பது அடியும் தூரம்தான்," என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கு அது வெறும் தகவல்.

பிறகு, நான் கேட்காமலே, மேசையில் இருந்த ஒரு தாளை எடுத்தார். கொழும்பிலிருந்து கிழக்குப் பகுதிக்கென்று வந்த வானிலைக் குறிப்பு. "இந்த இடியும் மழையும் வருசப் பிறப்போட நிண்டு போகும். அதுக்குப் பிறகு வழமைக்கு மேல வெக்கை எண்டு போட்டிருக்கு. கச்சான் காத்தும் வெள்ளனத் தொடங்கும்போல இருக்கு. நீங்கள் நிலத்துக்குச் சீமெந்து போடேல்லைத்தானே? போடேக்க கவனம் தம்பி. விடியக்காலமை போட்டு, ஈரச் சாக்கால மூடுங்கோ. இல்லாட்டி வெடிச்சுப் போகும்."

நான் எழும்பினேன். கடிதம் கேட்கப் போனவனுக்குச் சாத்திரம் சொல்லி அனுப்புகிறார் என்று எனக்கு நெஞ்சு எரிந்தது. பத்து வருடமாகச் சீமெந்து குழைத்தவனுக்கு, கரண்டி பிடிக்கத் தெரியாத ஒரு மனிதர் வேலை சொல்லித் தருகிறார்! இரண்டு நாளுக்கான கடிதத்தை மடித்துச் சேட்டுப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வரும்போது அந்தப் பானையைப் பார்த்தேன். இடுப்பளவு வேலி. பூட்டு இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததை இத்தனை வருடமும் மேடைகளில் சொன்னதில்லை. இரண்டு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரம் பார்த்துப் போனேன். கந்தோர்க் காவலாளி வேப்பமர நிழலில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்திருந்தான். கிணற்றடியில் ஆட்கள் நின்றதால், கீழே துறைமுகக் கரைக்கு இறங்கி, ஒரு பெரிய சாராயப் போத்தல் நிறையக் கடல்தண்ணீர் எடுத்துக்கொண்டு ஏறி வந்தேன். என் கணக்கு இதுதான்: ஒரு நல்ல மழைக்குக் கூரைத் தண்ணீரில் பீப்பாவே நிறைகிறது, அப்படியென்றால் ஒரு போத்தல் வெறும் தூறல். ஒருநாளைக்கு ஒரு தூறல் ஊற்றினால் யாருக்குத் தெரியப் போகிறது? வேலிக் கதவைத் திறந்து உள்ளே போய் முழுவதையும் ஊற்றினேன். பஸ் ஏறும்போது விசில்கூட அடித்தேன்.

அடுத்தநாள் விடியப்புறம் பட்டினத்தில் உண்மையாகவே தூறியது. அன்புவழிபுரத்தில் என் வீட்டுத் தகரத்தில் கேட்டது. எனக்கு அது கடவுள் செயல் போல இருந்தது. ஒன்பது மணிக்குக் கந்தோர் வாசலில் நின்றேன்.

மழைக் கிளாக்கர் மேசையில் இருந்தார். முன்னால் அந்தக் கண்ணாடிக் குவளை, அதற்குப் பக்கத்தில் மானியின் போத்தலில் மிச்சத் தண்ணீர்.

"காலமை இஞ்ச மழை போல ஐயா?" என்றேன், ஒன்றும் தெரியாதவன் மாதிரி.

"ஓம் தம்பி. ரெண்டே கால் அங்குலத்துக்கு மேல." குவளையை என் பக்கம் தள்ளினார். "ரெண்டே கால் அங்குலம் எண்டால் பஸ் ஸ்ராண்டில முழங்கால் மட்டும் தண்ணி நிக்கவேணும். நீங்கள் வரேக்க காற்சட்டையை மடிச்சனீங்களோ?"

நான் குனிந்து என் காற்சட்டையைப் பார்த்தேன்.

"நாக்கில ஒருக்கா வைச்சுப் பாருங்கோ. கடல் எழும்பி வந்து, ஊரெல்லாம் விட்டுப்போட்டு, எங்கட பானைக்குள்ள மட்டும் பெய்ஞ்சிருக்கு."

மூலையில் கடிதங்களுக்கு முத்திரை ஒட்டிக்கொண்டிருந்த பியோன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். மழைக் கிளாக்கர் சிரிக்கவில்லை. கொப்பியை என் பக்கம் திருப்பினார். எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. ஆனால் கட்டங்கள் தெரிந்தன. பக்கம் முழுவதும் சின்னச் சின்ன இலக்கங்கள். அன்றைய நாளுக்குரிய ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"பதினேழு வருசம் நான் இந்தக் கொப்பி எழுதுறன். சூறாவளி அடிச்ச நாளிலும் எழுதினனான். காய்ச்சலோட வந்தும் எழுதினனான். ஒரு கட்டமும் வெறுமையா விட்டதில்லை. விடியப்புறம் தூறினது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நல்ல மழை, உண்மையான மழை. அது எவ்வளவு எண்டு இனி ஒருத்தருக்கும் தெரியாது."

அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. ஒரு சொட்டு அளவுக்கு விழுந்திருந்தாலும் அது கொப்பியில் ஒரு மழை நாள். ஊற்றாமல் இருந்திருந்தால் எனக்கு மூன்றாவது நாள் கிடைத்திருக்கும். என் கையாலேயே அதைக் கெடுத்துவிட்டேன். சொன்னால் வெட்கம், அப்போதும் எனக்கு என் நாளைப் பற்றிய கவலைதான். அவருடைய கட்டத்தைப் பற்றி அல்ல.

"ஐயா..." என்று தொடங்கினேன்.

கையை உயர்த்தி மறித்தார். "ஆர் செய்தது எண்டு நான் கேக்கேல்லை. நீங்களும் சொல்லாதேங்கோ. சொன்னால் நான் எழுத வேணும்."

வருடப் பிறப்போடு இடி நின்றது. அந்தத் தாளில் போட்டிருந்தபடியே நின்றது. நாலாம் நாள் காலை நிலாவெளியில் பஸ்ஸால் இறங்கியபோது காற்று தரைப்பக்கமிருந்து வந்தது. கச்சான் வழக்கமாக வைகாசி பிறந்து நன்றாகப் போனபிறகுதான் இப்படி வீசும். காய்ந்த காட்டையும் வயலையும் தடவிக்கொண்டு வருகிற காற்று. பத்து மணிக்குப் பாண் சுடுகிற போறணை வாயில் நிற்கிற மாதிரி இருக்கும். உதடு வெடிக்கும். தென்னோலை சரசரக்கும். கடல் மட்டும் விரித்துவிட்ட சேலை போல அசையாமல் கிடக்கும். வருடப் பிறப்புக்கு உடுத்த புது உடுப்போடு பிள்ளைகள் வெளியே வரவில்லை, அவ்வளவு வெக்கை.

நிலத்துக்குச் சீமெந்து போடவேண்டிய வாரம் அது. என் தலைமை மேசன் கிண்ணியாக்காரர். அவர் ஊர் முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல, நான் அவரைக் காக்கா என்பேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பாதை என்கிற மிதவைப் படகில் துறை கடந்து வந்து, பள்ளிக்கூடத்துக் கொட்டிலிலேயே தங்கி வேலை செய்தார். பிந்திப்போன நாட்களைப் பிடிக்க, இரண்டு அறையையும் ஒரே நாளில் போட்டுவிடலாம் என்றார். இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த வெறும் கட்டம் என் கண்ணுக்குள் நின்றது. அந்த மனிதர் மழையில் பிழைவிடாதவர். வெக்கையில் மட்டும் பிழைவிடுவாரா?

"காக்கா, அறையைக் கட்டம் கட்டமாப் பிரிப்பம். கோழி கூவ முந்தித் தொடங்கி, வெயில் ஏற முந்தி நிப்பாட்டுவம். போட்ட இடத்தை ஈரச் சாக்கால மூடுவம்."

"என்ன தம்பி, சீமெந்துக்குக் குளிர்காய்ச்சலா? போர்வை போத்துறீங்க?"

"போத்தத்தான் வேணும்."

"அப்ப கொத்தமல்லியும் அவிச்சுக் குடுப்பமா?" என்றார். வேலையாட்கள் சிரித்தார்கள். பிறகு அவரே, கிணறு வற்றிப் போகிறது, சாக்கு நனைக்கக் கடல் தண்ணீர் எடுப்போமா என்று கேட்டார். கடல் தண்ணீர் என்றதும் எனக்குக் காது சுட்டது. "அதை மட்டும் கதையாதேங்கோ காக்கா," என்றேன். தண்ணீர் வண்டி பிடித்து, ஒருநாளைக்கு நாலு தரம் நானே சாக்குகளை நனைத்தேன். ஒருநாளில் முடியவேண்டிய வேலைக்கு ஆறு நாள் சென்றது. பிள்ளைகள் வந்த நாளில் என் அறைகள் தயாராகவில்லை. ஐந்து நாள் பிந்தினேன். பிள்ளைகள் ஐந்து நாளும் வாகை மரத்தடியில் இருந்து படித்தார்கள்.

கொந்தராத்து வேலையை மேற்பார்வை பார்த்த ஓவசியர் கடுமையானவர். ஆனால் கெட்டவர் அல்ல. இரண்டு நாள் கடிதம் கையில் இருக்கிறது. எங்கள் பகுதி வழக்கப்படி இரண்டு நாள் பொறுப்பார்கள். மிச்சம் ஒரு நாள். "கொப்பியில இன்னும் ஒரு மழை நாள் இருந்தால் உம்மட பேர் தப்பும்," என்று சொல்லி, என்னையும் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நேரே வானிலைக் கந்தோருக்கு வந்தார். கொப்பியை வாங்கிப் புரட்டினார். வெறும் கட்டத்தில் விரல் நின்றது.

"இது வருசப் பிறப்புக்கு முந்தின நாளெல்லோ? அண்டைக்கு விடியப்புறம் தூறினதே! நானே நனைஞ்சனான். ஐயா, இதில ஒரு சின்ன இலக்கம் போடுங்கோ. இந்தப் பொடியன்ர பேர் தப்பட்டும்."

"அளக்காத மழைக்கு இலக்கம் போட ஏலாது," என்றார் மழைக் கிளாக்கர்.

"ஏன் அளக்கேல்லை?"

மழைக் கிளாக்கர் கொப்பியைத் தன் பக்கம் இழுத்தார்.

"மானி பழுதோ? நீங்கள் அண்டைக்கு வரேல்லையோ?" ஓவசியரின் குரல் மாறியது. "வேலைக்கு வராமல் கட்டத்தை வெறுமையா விட்டிட்டு, இஞ்ச சட்டம் கதைக்கிறியளோ? நான் கொழும்புக்கு எழுதுவன்."

மழைக் கிளாக்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் ஒருவேளை நான் பேசாமல் இருந்திருப்பேன். அவர் பாராமல் இருந்ததுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. அவர் வாய் திறக்காவிட்டால் பழி அவருக்கு. நான் வாய் திறந்தால், ஓவசியர் எனக்கு இரங்குகிற கொஞ்ச மனமும் போய், என் பெயர் வெட்டுப்படும். மூன்றாம் வகுப்புப் படித்தவனுக்கும் அது விளங்கியது.

"ஐயாவில பிழை இல்லை," என்றேன். "நான்தான் ஊத்தினனான். கடல் தண்ணி. ஒரு போத்தல்."

ஓவசியர் என்னையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு போத்தலோ?" என்றார். "முழுப் போத்தலோ?" அவருக்கு அந்தக் கோபத்திலும் சிரிப்பு வந்ததை மீசை மறைத்தது. பிறகு மழைக் கிளாக்கரிடம், "இவன்ர பேரையும் விலாசத்தையும் அதில எழுதுங்கோ," என்றார்.

"பேர் எழுத இந்தக் கொப்பியில இடமில்லை. காத்து, மழை, வெயில், இவ்வளவும்தான்." பேனையை மையில் தொட்டு, கட்டத்துக்குப் பக்கத்தில், குறிப்பு எழுதுகிற இடத்தில் ஒரு வரி எழுதினார். எழுதிவிட்டு எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். "மானியில் கடல்நீர். ஊற்றியவர் தாமே வந்து சொன்னார்."

என் பெயர் பட்டியலில் இருந்து வெட்டுப்பட்டது. ஒரு வருடம் முழுவதும் பழைய முதலாளிகளிடம் திரும்பிப் போய்க் கரண்டி பிடித்தேன். சிலர் வேண்டுமென்றே எனக்குச் சாந்து சுமக்கிற வேலை தந்தார்கள். சுமந்தேன். அடுத்த வருடம் அதே ஓவசியர் அன்புவழிபுரத்துக்கு என்னைத் தேடி வந்தார். அந்த வெக்கையில் கடற்கரைப் பக்கம் போட்ட சீமெந்து நிலமெல்லாம் குளத்துச் சேறு காய்ந்த மாதிரி வெடித்துப் போய்விட்டதாம்; நிலாவெளியில் அந்த இரண்டு அறை மட்டும் ஒரு கீறல் இல்லாமல் கிடக்கிறதாம். என்ன செய்தனீர் என்று கேட்டார். என் கெட்டித்தனம் என்று சொல்ல வாய் வந்தது. வழக்கமாக அப்படித்தான் சொல்லுவேன். அன்றைக்கு, "மழைக் கிளாக்கர் சொன்னவர்," என்றேன். பெயர் திரும்பவும் பட்டியலில் ஏறியது. பிறகு நடந்ததை ஊர் அறியும்.

இன்றைக்கு வானொலியில் தினமும் வானிலை சொல்கிறார்கள். இந்த வருடமும் பங்குனியில் இடி, சித்திரையில் பொறுக்க ஏலாத வெக்கை. என் மூத்த மகன் வேலைத்தளத்தில் வானொலியை நிறுத்திவிட்டுப் பாட்டுப் போடச் சொல்கிறான். நான் விடுவதில்லை.

நான் மூன்று கட்டடம் கட்டி முடித்த வருடம் மழைக் கிளாக்கருக்கு மலைநாட்டுக்கு மாற்றம் வந்தது. இரயில் நிலையத்துக்கு அவருடைய பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். அப்போது எனக்கு ஆட்கள் இருந்தார்கள், ஆனாலும் நானே தூக்கினேன். வண்டி புறப்பட நேரம் இருந்தது. யன்னலோரம் இருந்தவரிடம், வருடக்கணக்காகக் கேட்க நினைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

"ஐயா, அண்டைக்கு விடியப்புறம் எவ்வளவு பெய்ஞ்சிருக்கும்?"

கடற்பக்கம் பார்த்தார். கொப்பியைப் பார்த்துச் சொல்கிறேன் என்பார் என்று நினைத்தேன்.

"ஒரு அங்குலத்தில நூறில மூண்டு பங்கு," என்றார். "நான் அண்டைக்கு வேலிக்குப் பக்கத்தில கையை நீட்டிக்கொண்டு நிண்டனான் தம்பி. எனக்கு நிச்சயம். ஆனால் அளக்கேல்லை."